வைரஸும் லிம்போமாவும்: செல்லுக்குள் சர்க்கரை என்ன ஆகிறது?

லிம்போமா என்ற புற்றுநோயின் பேரை எடுத்தாலே இப்போது இரண்டு பேச்சு சேர்ந்தே வருகிறது. ஒன்று, "அது வைரஸால வருதாம், பக்கத்துல போகாதீங்க." இன்னொன்று, "புத்து சீனியைத் தின்னுதான் வளருது, சீனியை நிறுத்திட்டா பட்டினியிலயே செத்துரும்." பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதைக் கேட்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்தால் இரண்டும் ஒரே படத்தில் வரும்.

இரண்டுமே ஓர் உண்மையை ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் சிக்கல். சில வகை லிம்போமாக்களில் வைரஸ் இருக்கிறது. அந்தச் செல்கள் குளுக்கோஸை வாரி எடுப்பதும் நிஜம். இடையில் நடப்பது என்ன என்பது மட்டும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அதனால் ஒரு வீட்டில் நோயாளியை ஒதுக்கி வைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் அவரைப் பட்டினி போடுகிறார்கள். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன், மருத்துவன் அல்ல. ஆனால் செல்லுக்குள் நடக்கும் இந்த விஷயம் என் பாடம்தான். முடிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நெறி கட்டும் இடத்தில் யார் இருக்கிறார்கள்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் கழுத்தில் கட்டும். அந்த நெறிதான் நிணநீர்க்கணு. உடம்பில் பல நூறு நிணநீர்க்கணுக்கள் உண்டு. அவற்றுக்குள் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் குடியிருக்கின்றன. கிருமியை ஒட்டிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிற வகைக்கு பி செல் என்று பேர். கிருமி புகுந்த செல்லைக் கொல்வதும் பி செல்லுக்கு உத்தரவு தருவதும் டி செல்லின் வேலை. இந்த லிம்போசைட்டுகளில் ஒன்று கட்டுமீறிப் பெருகினால் அது லிம்போமா.

பி செல்லின் குணத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நாள் அது சின்ன உருவத்தில் சும்மா கிடக்கும். தனக்குப் பொருந்துகிற கிருமி எதிர்ப்பட்டு, டி செல்லும் "சரி, பெருகு" என்று சொன்னால்தான் ஆள் மாறும். உடல் பெருத்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களில் ஒரு படையாகிவிடும். நெறி கட்டுவது அதனால்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், வீக்கம் வடியும். அசுர வேகத்தில் பெருகும் திறமை, ஆக, ஆரோக்கியமான பி செல்லிலேயே இருக்கிறது. அதற்கு உத்தரவு வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

எரிப்பதும் கட்டுவதும்

செல் தனக்குக் கிடைக்கும் சத்துகளை உடைப்பதும், உடைத்ததிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்வதுமான எல்லா வேதிவினைகளையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். பேரிலேயே வளர்வதும் சிதைவதும் இருந்தாலும், பள்ளிப் பாடத்தில் சிதைவு மட்டும்தான் நம் மனசில் நிற்கிறது: குளுக்கோஸ் எரிகிறது, சக்தி வருகிறது. பாதி விஷயம் அங்கேயே விட்டுப்போகிறது.

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவது பனைமரம்தான். வைரம் பாய்ந்த ஒரு பனை விழுந்தால் அதை என்ன செய்வார்கள்? வீட்டு வேலை எதுவும் இல்லாதவர் பிளந்து விறகாக்கிவிடலாம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர் அதை அடுப்பில் வைக்க மாட்டார். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் அறுத்துக்கொள்வார். அறுத்தது போக மிஞ்சுகிற சிராய்தான் அடுப்புக்குப் போகும், அதிலும் பாதி வாசலில் குவிந்து கிடக்கும். மரத்தை வீணாக்குகிறார் என்று வெளியில் நிற்பவருக்குத் தோன்றலாம். அவருக்குத் தேவை வெப்பமல்ல, வீடு.

குளுக்கோஸும் அப்படித்தான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் உண்டு. சும்மா இருக்கும் செல் அதைப் பாதியாக உடைத்து, மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளுறுப்புக்குள் அனுப்பி, ஆக்சிஜனோடு சேர்த்து முழுசாக எரித்துவிடும். செல்லின் சக்தி நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கும். பாதியாக உடைத்ததோடு நிறுத்தி, அதை லாக்டேட் என்ற பொருளாக மாற்றி வெளியே தள்ளினால் கிடைப்பது 2 மட்டும். ஓடிக் களைத்த தசை ஆக்சிஜன் போதாதபோது செய்வது இதைத்தான்.

1920களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தது என்னவென்றால், புற்றுத் திசு ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸை லாக்டேட்டாக்கித் தள்ளுகிறது. இதற்கு வார்பர்க் விளைவு என்று பேர். மைட்டோகாண்ட்ரியா பழுதானதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். பெரும்பாலான புற்றுகளில் அது பழுதாவதில்லை என்று பின்னால் தெரிந்தது. பெருகும் செல்லுக்குக் கார்பன் கட்டுமானப் பொருளாக வேண்டும். குளுக்கோஸை வேகமாக உடைக்கும்போது வழியில் உருவாகும் துண்டுகளை எடுத்துத்தான் டிஎன்ஏ எழுத்துகளுக்கான சர்க்கரைச் சட்டம், செல் உறைக்கான கொழுப்பு, புரதத்துக்கான சில அமினோ அமிலங்கள் எல்லாம் செய்யப்படுகின்றன. உத்தரவு பெற்றுப் பெருகும் ஆரோக்கியமான லிம்போசைட்டும் இதையேதான் செய்கிறது. இது புற்றுக்கு மட்டும் உரிய விநோதம் அல்ல.

இதுவரை சொன்னது: பி செல்லுக்கு வேகமாகப் பெருகத் தெரியும், ஆனால் உத்தரவு வர வேண்டும். பெருகும் செல் குளுக்கோஸை எரிபொருளாக மட்டும் பார்ப்பதில்லை. புதுச் செல் கட்டும் சரக்காகவும் எடுத்துக்கொள்கிறது.

நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் வைரஸ்

1958இல் உகாண்டாவில் வேலை பார்த்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டியின் திசுவை லண்டனுக்கு விமானத்தில் வரவழைத்து ஆராய்ந்த ஆண்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் மூவரும் 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு புது வைரஸைக் கண்டார்கள். அதுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈபிவி. மனிதரில் புற்றோடு தொடர்பு தெரிந்த முதல் வைரஸ் இது.

உலகத்தில் வளர்ந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறோம். எச்சில் வழியாகப் பரவும். நம் ஊர்ப் பக்கம் சின்ன வயதிலேயே வந்து, சாதாரணக் காய்ச்சலாகவோ ஒன்றுமே தெரியாமலோ போய்விடும். வைரஸ் மட்டும் போகாது. சில பி செல்களுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். டி செல்கள் அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். அநேகமாக எல்லாருக்கும் கதை இதோடு முடிந்துவிடுகிறது.

வைரஸ் போடும் பொய்யான உத்தரவு

வைரஸுக்குச் சொந்தமாக வளர்சிதை மாற்றம் கிடையாது. அதனிடம் மைட்டோகாண்ட்ரியா இல்லை, அது குளுக்கோஸை உடைப்பதில்லை, சாப்பிடுவதும் இல்லை. உறைக்குள் மடித்து வைத்த டிஎன்ஏ, அதில் 80க்கும் மேற்பட்ட மரபணுக்கள், அவ்வளவுதான். பதுங்கியிருக்கும்போது அவற்றிலும் ஒரு சிலவற்றைத்தான் பயன்படுத்துகிறது. செல் ஒன்று இரண்டானால் உள்ளே இருக்கும் வைரஸ் டிஎன்ஏவும் இரட்டிக்கும். எனவே செல்லைப் பெருக வைப்பது வைரஸுக்கு லாபம்.

எப்படிப் பெருக வைக்கிறது? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம் தீர்வதில்லை. அது புது வழி எதையும் கண்டுபிடிப்பதில்லை. டி செல் தரவேண்டிய உத்தரவைத் தானே தந்துவிடுகிறது. பி செல்லின் மேல் சிடி40 என்று ஓர் ஏற்பி உண்டு, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம். டி செல் வந்து தொட்டால்தான் அது வேலை செய்யும். ஈபிவி தயாரிக்கும் எல்எம்பி1 என்ற புரதம் சிடி40 போலவே நடிக்கிறது. ஆனால் யாரும் தொட வேண்டாம், ராத்திரி பகலாக "பெருகு, பெருகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எல்எம்பி2ஏ என்ற இன்னொன்று, கிருமி எதிர்ப்பட்டது போன்ற பாவனையைக் கொடுக்கிறது. பாவம் அந்தச் செல், கிருமியும் வந்தது, மேலிடத்துச் சம்மதமும் வந்தது என்று நம்பிக் கட்டுமானத்தைத் தொடங்கிவிடுகிறது.

அப்புறம் சரக்கு வேண்டுமே. எல்எம்பி1 குளூட்1 என்ற புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குளூட்1தான் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே எடுக்கிறது. இதற்கு இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் அது தன்பாட்டுக்கு எடுக்கும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும். உள்ளே வந்த குளுக்கோஸ் திரும்ப வெளியேறாதபடி அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும் நொதி ஹெக்சோகைனேஸ். அதுவும் கூடுகிறது.

ஈபிஎன்ஏ2 என்ற வைரஸ் புரதம் செல்லின் டிஎன்ஏ இருக்கும் கருவுக்குள் வேலை செய்கிறது. மிக் என்ற மரபணுவைத் தூண்டிவிடுவது அதன் முக்கியமான வேலை. குளுக்கோஸை உடைக்கும் நொதிகள், குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்தும் நொதிகள், புரதம் செய்யும் கருவிகள் எல்லாவற்றையும் ஒருசேர ஏற்றிவிடுகிற மரபணு அது. டிஎன்ஏ எழுத்துகளுக்கு வேண்டிய நைட்ரஜன் குளூட்டமினிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. கார்பன் மட்டும் இருந்தால் போதாது.

மைட்டோகாண்ட்ரியாவும் சும்மா இருப்பதில்லை. செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரே ஒரு கார்பனைப் பிரித்து, ஃபோலேட் என்ற வைட்டமின் மேல் ஏற்றி, டிஎன்ஏ எழுத்து செய்யும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு வழி உண்டு. ஒற்றைக் கார்பன் வழி என்று பேர். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே ஃபோலிக் அமில மாத்திரை, அதே ஃபோலேட்தான். ஈபிவி புகுந்த பி செல்களில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் இந்த வழி பலமாக முடுக்கிவிடப்படுவதை 2019இல் காட்டினார்கள். கொலஸ்ட்ரால் செய்யும் வழியும் அதே போல ஏறுகிறது. அந்த வழியில் கிளையாக வரும் கொழுப்பு வால்கள் இல்லாவிட்டால் எல்எம்பி1 போய்ச் சேரவேண்டிய இடத்துக்கே போவதில்லை. வைரஸ் செல்லின் கொழுப்பு வேலையைக் கூட்டுகிறது, அந்தக் கொழுப்பு வேலை வைரஸ் புரதத்தைத் தாங்குகிறது.

இவ்வளவு செய்தும் வைரஸ் எப்போதும் ஜெயிப்பதில்லை. ஆய்வகத்தில் பி செல்களில் ஈபிவியை விட்டால், ஆரம்ப நாட்களில் கண்மண் தெரியாமல் பிரிகின்றன. அவற்றில் பல, டிஎன்ஏ எழுத்துகள் கையிருப்பு தீர்ந்து பாதியில் நின்றுவிடுகின்றன. சக்தி போதாமல் அல்ல, சரக்கு போதாமல்.

சுருக்கமாக: வைரஸ் சாப்பிடவில்லை. பி செல்லின் சொந்த வளர்ச்சித் திட்டத்தை உத்தரவில்லாமல் ஓட விடுகிறது. குளுக்கோஸ், குளூட்டமின், செரின், கொழுப்பு என எல்லாமே அந்தத் திட்டத்தின் சரக்குப் பட்டியலில் வருகின்றன. குளுக்கோஸ் அதில் ஒன்று.

அப்படியானால் எல்லாருக்கும் ஏன் புற்று வருவதில்லை

மேலே சொன்ன வைரஸ் புரதங்களை டி செல்கள் எளிதில் அடையாளம் கண்டு அந்தச் செல்களை அழித்துவிடும். மிஞ்சியவற்றில் வைரஸ் அந்தப் புரதங்களை நிறுத்திக்கொண்டு அடங்கிவிடும். டி செல் காவல் தளரும்போது, எச்ஐவி முற்றியவர்களிடமும் மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடமும், ஈபிவி லிம்போமா வரும் வாய்ப்பு கூடுகிறது.

பர்கிட் லிம்போமாவில் கதை வேறு. அங்கே ஒரு மரபணு விபத்து நடக்கிறது. மிக் மரபணு தன் இடத்திலிருந்து பெயர்ந்து, பி செல்லில் எப்போதும் மும்முரமாக வேலை நடக்கும் எதிர்ப்பொருள் மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு மிக் நிற்பதே இல்லை. சரக்கு சேர்க்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், வைரஸ் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பகுதிகளில் இந்த நோய் அதிகம்.

வேறு வைரஸ்களும் உண்டு. 1994இல் கண்டறியப்பட்ட கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸ், நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் நீராகத் தேங்கும் ஓர் அரிய லிம்போமாவை உண்டாக்கும். அந்தச் செல்கள் குளுக்கோஸை உடைப்பதோடு கொழுப்பு அமிலம் செய்வதையும் பெரிதாக நம்பியிருக்கின்றன. எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் டி செல்லைப் பிடிக்கும், அது ஜப்பானின் தென்பகுதியில் கூடுதல். ஆனால் மொத்தத்தில் பார்த்தால் பெரும்பாலான லிம்போமாக்களில் வைரஸே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் தப்பாகப் போய்விடும்.

சீனியை நிறுத்தினால் என்ன ஆகும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குக் கழுத்தில் வலியில்லாத கட்டி. சதைப் பரிசோதனையில் ஈபிவி உள்ள ஹாட்ஜ்கின் லிம்போமா என்று வந்தது. நான் பார்க்கப் போனபோது அவருடைய எவர்சில்வர் டம்ளர் தனியாக ஜன்னல் திட்டில் இருந்தது, அடையாளத்துக்கு அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். சீனியை நிறுத்தி, பிறகு சோறும் "சர்க்கரைதான்" என்று யாரோ சொல்ல அதையும் குறைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏ தம்பி, வெள்ளைச் சீனிதான கூடாது? கருப்பட்டி போட்டுக் காப்பி குடுக்கலாம்லா? ஆசைப்படுதாவ" என்று கேட்டார்.

கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். குடலில் இரண்டுமே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். புற்றுக்கு இரண்டும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கேள்வியே வேறு: சாப்பிடுவதைக் குறைத்தால் புற்றுக்குக் குளுக்கோஸ் போகாமல் இருக்குமா?

அதற்குப் பதில் அவர் எடுத்துக்கொண்ட பெட் ஸ்கேனிலேயே இருந்தது. ஃபுளூரின்-18 என்ற கதிர்வீசும் அணு ஒட்டிய ஒரு வகைக் குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். அதைக் குளூட்1 உள்ளே எடுக்கும், ஹெக்சோகைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டும், மேற்கொண்டு உடைக்க முடியாமல் அது அங்கேயே சிக்கி நிற்கும். கட்டி படத்தில் தெரிவது அதனால்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த ஸ்கேனுக்கு முன்னால் நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்கிறார்கள். வயிறு காலியாக இருக்கும்போதுதான் கட்டி தெளிவாகத் தெரிகிறது. சாப்பிட்டிருந்தால் இன்சுலின் ஏறி, ஊசியில் போட்ட குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைகள் எடுத்துக்கொள்ளும், படம் மங்கும். பட்டினியில் புற்று குளுக்கோஸை விடுவதில்லை, விட்டுக்கொடுப்பது தசைதான்.

சீனியே தொடாவிட்டாலும் கல்லீரல் ரத்தச் சர்க்கரையை இறங்க விடாது. மூளைக்கு அது வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும். அந்தப் பெரியவருக்கு நடந்தது அதுதான். அடுத்த தடவை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடம்பு இந்த நிலையில் மருந்தைத் தாங்காது என்று மருத்துவர் ஊசியைத் தள்ளிப்போட்டார். சீனி நோய் இருப்பவர்கள் அதற்கான கட்டுப்பாட்டில் இருக்கத்தான் வேண்டும், அது தனி விஷயம். மற்றபடி ஆச்சி அவருக்குக் கருப்பட்டிக் காப்பியும் குடுக்கலாம், சோறும் முட்டையும் பருப்பும் அவசியம் குடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட் ஸ்கேனைப் பற்றி இன்னொன்று. காசநோயால் வீங்கிய கணுவும் அதில் பளிச்சென்று தெரியும், அங்கேயும் செல்கள் குளுக்கோஸை அதிகம் எடுப்பதால். நம் ஊரில் காசநோய் நெறி சகஜம். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து யாரும் லிம்போமா என்றோ இல்லை என்றோ முடிவு கட்டுவதில்லை. கணுவிலிருந்து சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா

வேண்டாம். லிம்போமா ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஈபிவி எச்சிலில் பரவும் என்பது உண்மை, ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ளும் வளர்ந்தவர்களிடம் அநேகமாக அது ஏற்கெனவே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஈபிவி எதிர்ப்பொருள் "பாசிட்டிவ்" என்று வந்து பயந்துபோய்க் காட்டுகிறவர்கள் உண்டு. எப்போதோ வைரஸ் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. சதைப் பரிசோதனை அறிக்கையில் "ஈபர் பாசிட்டிவ்" என்று இருந்தால் அது வேறு: அந்தக் கட்டியின் செல்களுக்குள்ளேயே வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறது என்று பொருள்.

மருந்து எங்கே கை வைக்கிறது

வைரஸைக் கொல்லும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள், வைரஸ் தன் சொந்த நொதிகளால் தன்னைப் பிரதியெடுக்கும்போதுதான் வேலை செய்யும். லிம்போமா செல்லில் அது பதுங்கிக் கிடக்கிறது. அதன் டிஎன்ஏவைப் பிரதியெடுப்பது செல்லின் கருவிகள்தான். மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

சரக்குப் பாதையில் கை வைக்கும் மருந்துகளோ பழசு. ஃபோலேட் வழியை அடைக்கும் மெத்தோட்ரெக்ஸேட், பர்கிட் லிம்போமா சிகிச்சையில் இன்றும் முக்கியமானது. அதற்கு முன்னோடியான அமினோப்டெரினை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பீமவரத்தில் பிறந்து நம் சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்து ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோயை அடக்கிக் காட்டினார். ஒற்றைக் கார்பன் வழியை வைரஸ் முடுக்குகிறது என்பது தெரிய அதற்குப் பிறகு 70 வருஷம் ஆனது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் சத்து மாத்திரைதானே என்று ஃபோலிக் அமிலத்தை வாங்கிப் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு மருந்து அஸ்பராஜினேஸ். மூக்குப் பகுதியில் வரும் என்கே/டி செல் லிம்போமாவில் (என்கே என்பது இன்னொரு வகை லிம்போசைட்) ஈபிவி அநேகமாக எப்போதும் இருக்கும். அந்தச் செல்களுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தேவைக்குத் தானே செய்துகொள்ளத் தெரியாது, ரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஊசியில் போடும் இந்த நொதி ரத்தத்தில் உள்ள அஸ்பராஜினை உடைத்துத் தீர்த்துவிடுகிறது. பருப்பையும் முட்டையையும் விட்டுப் பத்தியம் இருந்து இதைச் செய்ய முடியாது, நம் மற்றச் செல்கள் அஸ்பராஜினைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மருந்துக்கும் விலை உண்டு: ஒவ்வாமை, ரத்தம் உறைவதில் கோளாறு, கணைய அழற்சி. அதனால் ஆஸ்பத்திரியில் வைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் இதைக் கொடுக்கிறார்கள்.